ஒன்பது கிரகங்களும் ஒன்பது காரணங்களும்

நமது நாட்டில் ஒரு மனிதன் நாற்பத்தைந்து அல்லது ஐம்பது வயதில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனால், அவன் வீட்டிற்குத் துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லுவது என்னவென்றால், "அவனுக்கு எழுதியது அவ்வளவுதான்" என்பதும், "ஏழரை நாட்டுச் சனி போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டது" என்பதும், "நல்ல சாவு, படுக்கையில் கிடக்கவில்லை" என்பதுமேயாகும். அவனுக்கு எத்தனை வருஷமாய் ரத்தக் கொதிப்பு இருந்தது, அதை யாராவது ஒரு நாளாவது அளந்து பார்த்தார்களா, ஒரு நாளைக்கு எத்தனை பீடி குடித்தான், மார்பு வலிக்க ஆரம்பித்து எத்தனை மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான் என்கின்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. கேட்டால் துக்க வீட்டில் மரியாதை தெரியாதவன் என்கின்ற பெயர் வரும். ஆனால் அந்தக் கேள்விகளைக் கேளாததாலேயே அடுத்த துக்க வீடு ஏற்படுகின்றது என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

இருதய வியாதி சாமானியமான சங்கதி அல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் கணக்குப்படி, 2019ஆம் வருஷத்தில் மட்டும் இருதய ரத்தக் குழாய் வியாதிகளால் உலகத்தில் செத்தவர்கள் சுமார் 1 கோடியே 79 லட்சம் பேர். அதாவது உலகத்தில் செத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இவ்வளவு பேரைக் கொல்லும் ஒரு வியாதியைப் பற்றி மனிதன் என்ன கண்டுபிடித்திருக்கிறான், எப்படிக் கண்டுபிடித்தான் என்பதைத் தெரிந்துகொள்ளுவது ஒவ்வொருவருடைய கடமையாகும். முக்கியமாக "எப்படி" என்பதை நாம் அதிகம் வற்புறுத்துகிறோம். என்ன கண்டார்கள் என்பது நாளைக்கு மாறலாம். எப்படிக் காண்பது என்பதைத் தெரிந்துகொண்டவனை எவனும் ஏமாற்ற முடியாது.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் 1988ஆம் வருஷத்தில் நடந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டைத் தலைமையிடமாகக் கொண்ட சில ஆராய்ச்சியாளர்கள், 16 தேசங்களில் 417 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பு வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரை வைத்து ஒரு பரீட்சை நடத்தினார்கள். அதற்கு ஐசிஸ்-2 என்று பெயர். அந்தப் பரீட்சையில், யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தைப்போலவே இருக்கும் வெறும் மாத்திரை என்பதைச் சீட்டுப் போடுவதுபோல் தற்செயலாய்ப் பிரித்தார்கள். கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது, வாங்கும் நோயாளிக்கும் தெரியாது. ஆகையால் தனக்கு வேண்டியவனுக்கு நல்ல மருந்து என்பதற்கோ, பிழைக்கக் கூடியவனுக்கு மட்டும் மருந்தைக் கொடுத்துவிட்டு மருந்தால் பிழைத்தான் என்று பெருமை பேசுவதற்கோ இடமில்லாமல் போய்விட்டது.

முடிவு என்னவென்றால், தலைவலிக்குக் கடையில் வாங்கும் அந்த ஆஸ்பிரின் மாத்திரையைத் தினம் ஒன்று வீதம் ஒரு மாதம் சாப்பிட்டவர்களில், ஐந்து வாரத்திற்குள் இருதய ரத்தக் குழாய்க் கோளாறால் இறந்தவர்கள் 1,000க்கு 94 பேர். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 1,000க்கு 118 பேர். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்தையும் ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுத்தபோது இறந்தவர்கள் 80 பேர். இரண்டும் கொடுக்கப்படாதவர்களில் 132 பேர். அதாவது ஆயிரம் பேரில் ஐம்பது பேருக்கு மேல் பிழைத்தார்கள். எந்த யாகமும், எந்தப் பரிகாரமும் இந்தப்படி எண்ணிக் காட்டியதாக நமக்குத் தெரியாது.

இனித்தான் வேடிக்கை ஆரம்பமாகின்றது. இந்த முடிவை வெளியிட்ட லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையார், இன்ன வயதினருக்கு எப்படி, ஆண்களுக்கு எப்படி, பெண்களுக்கு எப்படி என்று நோயாளிகளைப் பல கூறுகளாக்கித் தனித்தனிக் கணக்குக் கேட்டார்கள். அப்படிக் கூறுபோடுவதில் உள்ள அபாயம் ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்கள், "சரி, அப்படியே செய்கிறோம், ஆனால் ராசிப்படியும் பிரித்துப் போடுகிறோம்" என்று, நோயாளிகளை அவர்கள் பிறந்த தேதியை வைத்துப் பன்னிரண்டு ராசியாகவும் பிரித்துப் போட்டார்கள். பார்த்தால், மிதுன ராசிக்காரருக்கும் துலா ராசிக்காரருக்கும் ஆஸ்பிரினால் நன்மை இல்லை, கொஞ்சம் கெடுதல்கூட என்றும், மற்றப் பத்து ராசிக்காரருக்கும் பிரமாதமான நன்மை என்றும் கணக்கு வந்தது!

நம்முடைய ஜோசியர் கையில் இந்தக் காகிதம் மட்டும் அன்றைக்கே கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பார்த்தீர்களா! விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது!" என்று பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் அச்சுப் போட்டிருப்பார்கள். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் அதை வெளியிட்டது ராசியை நம்பி அல்ல. ஒரு பெரிய கூட்டத்தைப் பல துண்டுகளாக வெட்டினால் ஏதாவது ஒன்றிரண்டு துண்டில் தற்செயலாகவே தலைகீழான கணக்கு வரும், அதை உண்மை என்று நம்பி ஏமாறாதீர்கள் என்று டாக்டர்களுக்குப் புத்தி சொல்லுவதற்காகவே அதை வெளியிட்டார்கள்.

"அது மேனாட்டு ராசி. சூரியன் நின்ற மாதத்தை வைத்துச் சொல்லுவது. நம்முடையது சந்திரன் நின்ற ராசி, ஆகையால் வேறு" என்று சிலர் சமாதானம் சொல்லலாம். நாம் கேட்கிறோம்: சந்திரனை வைத்துப் பிரித்தாலும், இருபத்தேழு நட்சத்திரமாகப் பிரித்தாலும், பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பிரித்தாலும், இரண்டொரு கூறு கெட்டதாகத் தெரியத்தானே செய்யும்? அந்த இரண்டொன்றை மாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டு, பலிக்காத மற்றவைகளை மறைத்துவிடுவதற்குப் பெயர்தானே ஜோசியம்? பலித்ததைப் பறைசாற்றிப் பலிக்காததை மறக்கும் அந்த ஒரு தொழில் நுட்பத்தைத் தவிர அதில் வேறு என்ன இருக்கிறது என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

நிற்க, அதே பரீட்சையில் வேறொரு விஷயமும் தெரிந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை, வலி ஆரம்பித்த நாலு மணி நேரத்திற்குள் பெற்றவர்களுக்குச் சாவு நூற்றுக்கு 35 பங்கு அளவு குறைந்தது. அதற்குப் பின்னால் பெற்றவர்களுக்கு அவ்வளவு குறையவில்லை. இது ராசியைப்போல் தற்செயலாக வந்த கணக்கு அல்ல. ரத்தக் குழாய் அடைபட்டால் அதற்கப்பால் உள்ள இருதயத் தசைக்கு ரத்தம் போவதில்லை. ரத்தம் போகாத தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டே வருகின்றது. செத்த தசையை எந்த மருந்தாலும் எழுப்ப முடியாது. ஆகவே மாரடைப்பில் நல்ல நேரம் என்று ஒன்று உண்டு. அது வலி ஆரம்பித்த அந்த நிமிஷமே. மற்ற நேரம் எல்லாம் கெட்ட நேரந்தான். ராகு காலம் கழியட்டும் என்று உட்கார்ந்திருப்பதும், வாயுத் தொந்தரவு என்று சோடாவையும் சுக்குக் கஷாயத்தையும் குடித்துவிட்டுப் படுத்திருப்பதும், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஒரே மாதிரியான தற்கொலையே ஆகும். நடு மார்பில் பாரம் வைத்து அழுத்துவதுபோன்ற வலியும், அது கைக்கும் தாடைக்கும் பரவுவதும், வேர்த்துக் கொட்டுவதும் கண்டால் உடனே 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் வலி தெளிவாய்த் தெரியாமல் மூச்சுத் திணறலும் களைப்புமாகவே வருவதும் உண்டு.

இது இப்படி இருக்க, நாம் ஜோசியரை மட்டும் குறை சொல்லிவிட்டு டாக்டரைக் கும்பிடச் சொல்லுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. டாக்டரும் மனிதரே. அவர் சொல்லுவதும் பரீட்சைக்கு நின்றால்தான் உண்மை. இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டையும் ஒரு காவிச் சட்டையாகத்தான் போய்முடியும்.

உதாரணமாக, மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இருதயம் நடுநடுவே தாளம் தப்பி அடிக்கும். அப்படி அடிப்பவர்கள் திடீரென்று இறப்பது அதிகமாகையால், தாளம் தப்புவதை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தால் சாவும் குறையும் என்று பெரிய பெரிய டாக்டர்கள் எல்லோரும் நம்பினார்கள். நம்பி அமெரிக்காவில் ஏராளமானவர்களுக்குக் கொடுத்தும் வந்தார்கள். மருந்து தாளத்தைச் சரிப்படுத்தியது என்பதும் வாஸ்தவமே. பிறகு காஸ்ட் என்ற பெயரால் ஒரு பரீட்சை நடத்தினார்கள். என்கைனைடு, பிளெகைனைடு என்ற அந்த மருந்துகளைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேரே! தாளம் சரியாயிற்று, ஆள்தான் போய்விட்டான். 1989இல் அந்தப் பரீட்சையில் இவ்விரண்டு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்தினார்கள். 1991இல் முழுக் கணக்கையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள்.

அதற்கும் முன்னால், 1950களில் மார்பு வலிக்கு ஒரு ரண சிகிச்சை பிரபலமாய் இருந்தது. மார்பின் உள்பக்கத்தில் ஓடும் ஒரு ரத்தக் குழாயைக் கட்டிவிட்டால் இருதயத்திற்கு ரத்தம் அதிகமாய்ப் போகும் என்பது அதன் தத்துவம். செய்துகொண்டவர்களில் அநேகர் வலி குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து டாக்டர் காப் என்பவரும் அவரது சகாக்களும் 17 பேரை எடுத்துக்கொண்டு, 8 பேருக்கு உண்மையாகவே குழாயைக் கட்டினார்கள். 9 பேருக்கு மேல் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். தோலை மட்டும் கீறிக்கொண்டவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே வலி குறைந்தது! 1959இல் இது வெளிவந்த பின் அந்தச் சிகிச்சை வழக்கொழிந்தது. மந்திரித்த கயிறு கட்டியதும் வலி போயிற்று என்று சொல்லுகிறவன் பொய் சொல்லுகிறான் என்று நாம் சொல்லவில்லை. அவனுக்கு வலி குறைந்தது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் குறைத்தது கயிறு அல்ல என்பதுதான் நாம் சொல்லுவது. கயிற்றுக்குச் சொல்லும் அதே நியாயத்தைக் கத்திக்கும் சொல்லுகிறோம்.

இனி, இன்றைக்கு ஊரெல்லாம் பேசப்படும் "ஸ்டென்ட்" விஷயத்திற்கு வருவோம். சுருங்கிப்போன ரத்தக் குழாய்க்குள் வைக்கும் இந்தச் சிறு கம்பி வலைக் குழாய், மாரடைப்பு வந்துகொண்டிருக்கிற நேரத்தில் அடைப்பை உடனே திறந்து வைப்பதால் உயிரைக் காப்பாற்றுகின்றது. அதில் சந்தேகமில்லை. அந்த நேரத்தில் டாக்டர் வேண்டும் என்றால் தயங்கக் கூடாது. ஆனால் நடக்கும்போது மட்டும் மார்பு வலிக்கிறது, உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது, மாதக்கணக்காய் ஒரே நிலையில் இருக்கிறது என்பவர்கள் கதை வேறு. இங்கிலாந்தில் நடத்தி 2017இல் வெளியான ஆர்பிட்டா என்னும் பரீட்சையில், இப்படிப்பட்ட 200 பேருக்கு முதலில் நல்ல மருந்துகளைக் கொடுத்துவிட்டு, பிறகு பாதிப் பேருக்கு ஸ்டென்டும், மீதிப் பேருக்கு ஸ்டென்ட் வைப்பதுபோன்ற பாவனையும் செய்தார்கள். ஆறு வாரம் கழித்து ஓடும் பட்டையின் மேல் நடக்க வைத்துப் பார்த்ததில், இரு கூட்டத்தாருக்கும் உறுதியாய்ச் சொல்லத்தக்க வித்தியாசம் ஏற்படவில்லை. 37 தேசங்களில் 5,179 பேரை வைத்து நடத்தி 2020இல் வெளியான இஸ்கீமியா என்ற பரீட்சையிலும், இத்தகைய நிலையான வியாதிக்காரரில், மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் சிகிச்சையையும் முதலிலேயே செய்துகொண்டவர்களுக்கு, முதலில் மருந்தோடு நின்றவர்களைவிடச் சாவும் மாரடைப்பும் குறைந்துவிடவில்லை. அதே ஆர்பிட்டாக்காரர்கள் 2023இல் மறுபடி ஒரு பரீட்சை நடத்தி, வலிக்கான மருந்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஸ்டென்ட் வலியைக் குறைக்கத்தான் செய்கிறது என்பதையும் தாங்களே வெளியிட்டார்கள். தாங்கள் முன் சொன்னதற்குக் குறை வந்துவிடுமே என்று மறைக்கவில்லை.

இந்த விஷயம் நமது மக்களுக்கு ஏன் முக்கியமென்றால், 2017 பிப்ரவரியில் இந்திய சர்க்கார் விலைக் கட்டுப்பாடு செய்து, மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைக்கும் வரையில், அது ஒன்று ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் விற்கப்பட்டு வந்தது. இன்றைக்கும் ஆஸ்பத்திரிச் செலவு தனி. ஒரு ஏழை விவசாயி காணி நிலத்தை விற்றும், மகளுக்கு வைத்திருந்த நகையை அடகு வைத்தும் அந்தப் பணத்தைக் கட்டுகிறான். அவசரமில்லாத நிலையில் உள்ளவன், "இது என் உயிரைக் காக்கவா? வலியைக் குறைக்கவா? மருந்தோடு கொஞ்ச காலம் பார்த்தால் என்ன?" என்று மூன்று கேள்வி கேட்க உரிமை உண்டா, இல்லையா? கேட்டால் கோபிக்கும் டாக்டரைவிட, கேட்டதற்கு உட்கார்ந்து பதில் சொல்லும் டாக்டரே நல்ல டாக்டர் என்பது நமது அபிப்பிராயம்.

ஆஸ்பிரின் கதையும் இத்தோடு முடிந்துவிடவில்லை. மாரடைப்பு வந்தவனுக்கு நல்லது என்றதும், வராதவர்களும் வராமலிருப்பதற்காகத் தினம் விழுங்க ஆரம்பித்தார்கள். 2018இல் ஆஸ்பிரீ என்ற பரீட்சையில், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருதய வியாதி இல்லாத வயோதிகர் 19,114 பேரை வைத்துப் பார்த்ததில், அவர்களுக்கு இருதய வியாதி குறிப்பிடும்படி குறையவில்லை. பெரிய ரத்தப்போக்கு ஏற்பட்டதோ, 1,000க்கு 28 பேராய் இருந்தது 38 பேராயிற்று. ஆகவே ஒருவனுக்கு அமிர்தமானது மற்றவனுக்குக் கெடுதலாகலாம். இருதய வியாதிக்காக டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று தானாக ஆரம்பிக்கவும் கூடாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சில வைதிகர்கள், "பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானம் இன்றைக்கு ஒன்று சொல்லுகிறது, நாளைக்கு ஒன்று சொல்லுகிறது. எங்கள் சாஸ்திரம் மாறுவதே இல்லை" என்பார்கள். நாம் சொல்லுகிறோம், மாறாதது பெருமை அல்ல. கணக்குப் பார்க்காத கடைக்காரனுக்கு நஷ்டம் தெரியாது. நஷ்டம் தெரியாததால் நஷ்டமே இல்லை என்று ஆகிவிடுமா? தான் கொடுத்த மருந்தால் இத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணித் தானே அச்சுப் போட்ட சாஸ்திரம் எது? தாயத்து கட்டியவர்கள் இத்தனை பேர், கட்டாதவர்கள் இத்தனை பேர், இரண்டிலும் செத்தவர்கள் இத்தனை பேர் என்று ஒரு மடாதிபதியாவது, ஒரு மந்திரவாதியாவது ஒரு காகிதம் காட்டட்டும். அதன் பிறகு நாம் பேசலாம்.

அப்படியானால் இந்த வியாதிக்குக் காரணந்தான் என்ன? 2004இல் இன்டர்ஹார்ட் என்னும் ஆராய்ச்சி, 52 தேசங்களில், முதல் மாரடைப்பு வந்தவர்கள் சுமார் 15,000 பேரையும், வராதவர்கள் ஏறக்குறைய அவ்வளவு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. அதில் ஒன்பது சங்கதிகள் கிடைத்தன. புகை, ரத்தக் கொழுப்பின் கோளாறு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, தொந்தி, மனத்துயரும் வாழ்க்கை நெருக்கடியும், காய்கனி போதாமை, உடல் உழைப்பின்மை என்பவை எட்டு. மதுப் பழக்கத்தையும் ஒன்பதாவதாகக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். இந்த ஒன்பதைக்கொண்டே, ஆண்களுக்கு வரும் மாரடைப்பு அபாயத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கும், பெண்களுக்கு 94 பங்குக்கும் கணக்குச் சொல்லிவிடலாம் என்று கண்டார்கள். வேறு கண்டத்துக்கு வேறு காரணம் என்பதில்லை. ஜாதிக்கு ஒரு காரணம் என்பதும் இல்லை. இன்னொன்றும் கண்டார்கள். நமது தென் ஆசியாவைச் சேர்ந்தவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதில் வருகிறது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 வயதில் வருகிறது. இந்த அபாயங்கள் இளவயதிலேயே நம்மிடம் சேர்ந்துவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்றார்கள். அந்த ஆறு வருஷத்தில்தான் மகன் படிப்பும், மகள் கலியாணமும், வீட்டுக் கடனும் இருக்கின்றன.

ஆகவே நவக்கிரகத்தைச் சுற்றுகிறவர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ளுவது என்னவென்றால், ஒன்பதைத்தான் சுற்றவேண்டும் என்றால் இந்த ஒன்பதைச் சுற்றுங்கள் என்பதே. அந்த ஒன்பதை அளக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. இந்த ஒன்பதில் ரத்தக் கொதிப்பை ஐந்து நிமிஷத்தில் அளக்கலாம். சர்க்கரையை ஒரு சொட்டு ரத்தத்தில் அளக்கலாம். பீடியை இன்றைக்கே எறியலாம். சைனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து 2021இல் வெளியிட்ட பரீட்சையில், சமையல் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றியதால் மாத்திரமே, பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கும், சாவு 12 பங்கும் குறைந்தன. மூத்திரக்காய் வியாதி உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆகாது. மற்றபடி, ஒரு கிராமத்தாரின் உயிர் உப்பு டப்பாவில் இவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை எந்த ஜாதகக் கட்டம் சொல்லிற்று?

ஆனால் ஒன்று. இந்த ஒன்பதையும் சொல்லி, செத்தவனையே குற்றவாளியாக்குவதும் விதியை நம்புவதைப்போன்ற மற்றொரு அயோக்கியத்தனமாகும். பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுகிறவனும், ராத்திரி ஷிப்டில் நிற்கிறவனும், பழம் வாங்கக் காசில்லாதவனும் இந்த ஒன்பதைத் தாங்களாக விலைக்கு வாங்கவில்லை. ஆகவே சர்க்கார் செய்யவேண்டியதும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தது நல்ல காரியமே. வாசலுக்கு வந்த மாத்திரையை, "உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று பரணில் போட்டு வைப்பது மக்கள் தவறு. ரத்தக் கொதிப்பு உடம்புக்குத் தெரியாது. தெரிகிற அன்றைக்கு அநேகமாகக் காரியம் மிஞ்சிப்போயிருக்கும்.

முடிவாக நாம் சொல்லுவது இதுதான். அடுத்த தடவை ஒரு துக்க வீட்டிற்குப் போனால், "எழுதியது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். செத்தவனுடைய தம்பியையும் மகனையும் மறுவாரமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டுபோய் ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அளந்து பார்க்கச் செய்யுங்கள். பதினாறாம் நாள் கருமாதிக்குச் செய்யும் செலவில் அது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. செத்தவனுக்கு இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இருக்கிறவனைக் காப்பாற்றுவதே அவனுக்குச் செய்யும் மரியாதையாகும்.